விறகுக் கங்கும் எரிவளிச் சுடரும்

(காக்களூரில் நிகழ்ந்த தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுட்டுண்ணும் வழக்கத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். தமிழாசிரியனுக்கு அடுக்களையில் என்ன வேலை என்று யாரேனும் எண்ணக்கூடும். அடுக்களையில் தோற்ற மொழி அரியணையில் வென்றும் பயனில்லை என்பதே அவர்க்கு என் விடை.

இக் காக்களூர்த் தொழிற்பேட்டையில் ஆலை விட்டு மக்கள் திரும்பும் மாலைப் பொழுதில், திருவள்ளூர்ச் சாலையில் சற்றே நடந்து பாருங்கள். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் கோழிகள் கம்பியிற் கோக்கப்பட்டுச் சுழல்கின்றன. மேலே தொங்கும் பலகைகளில் 'கிரில்' என்றும், 'பார்பிக்யூ' என்றும், 'தந்தூரி' என்றும் எழுதியிருக்கின்றார்கள். உள்ளே எரிவது விறகா, கரியா, எரிவளியா என்று கேட்பார் இல்லை. பெயரும் நம்முடையதன்று, தீயும் இன்னதென்று நமக்குத் தெரியவில்லை. இவ்விரண்டையும் இன்று சற்றே ஆராய்வோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தீயில் உணவு ஆக்குதற்குத் தமிழில் எத்துணைச் சொற்கள்! நீராவியில் வேவது அவித்தல். எண்ணெயில் மூழ்கி வேவது பொரித்தல். வெறுங்கலத்தில் புரட்டுவது வறுத்தல். தீயின்மேற் சற்றே காட்டி ஈரம் போக்குவது வாட்டல். நீரும் எண்ணெயும் கலமும் இடை நில்லாமல் தீயின் வெப்பத்தை நேரே பண்டத்தில் ஏற்றுவது சுடுதல். தோசை சுடுதலும் வடை சுடுதலும் இச்சொல்லின் விரிந்த வழக்கு. சுடப்பட்ட பண்டத்துக்குச் 'சூடு' என்றே பெயருண்டு. சூட்டுமீன், சூட்டிறைச்சி, சூட்டுக்கோழி என்று பலகையில் எழுத யார் தடுத்தார்? சொல் இருக்கின்றது, எழுதுவாரைத்தான் காணோம்.

பொருநராற்றுப்படை, கரிகாலன் பொருநர்க்கு வேகவைத்த இறைச்சியும் இரும்புக் கோலிற் கோத்துச் சுட்ட இறைச்சியும் அளித்ததைக் கூறும். சிறுபாணாற்றுப்படையோ இன்னும் ஒருபடி மேலே செல்லும். எயிற்பட்டினத்து நுளையர் பாணர்க்குக் குழல்மீன் சூட்டை விருந்தாக்குவதைச் சொல்லும் நத்தத்தனார், அவ்விடத்தில் அலை கொணர்ந்து ஒதுக்கிய மணமரத்தை விறகாக எரித்த செய்தியையும், அதன் புகையின் கருமையையும் மறவாமல் குறிக்கின்றார். எந்த மரத்தில் மூட்டிய தீ என்பதும் சுவையின் ஒரு பகுதி என்று அப் புலவர் அறிந்திருந்தார் போலும்.

இன்றைய அறிவியலும் அதனையே கூறுகின்றது. மரத்தில் இலிக்னின் என்னும் ஒரு பொருள் உண்டு. மரத்துக்கு விறைப்பைத் தருவது அதுவே. அது வெந்து சிதையும்போது குவையகால், சிரிங்கால் முதலிய மணப்பொருள்கள் புகையோடு எழுகின்றன. சூட்டு மீனின் புகைமணம் என்று நாம் சுவைப்பது பெரும்பாலும் இவற்றையே.

எரிவளியில் மரமில்லை, ஆகலின் அம்மணமும் இல்லை. புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டு வளிகளின் கலவையே நம் வீட்டு உருளையில் நீர்மமாக அடைபட்டிருக்கின்றது. அவ்வளி எரியுங்கால் வெப்பத்தோடு நீராவியும் பிறக்கின்றது. ஒரு கிலோ புரொப்பேன் முற்றும் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீர் ஆவியாய் வெளிப்படும். ஆகவே எரிவளிச் சுடர் ஈரமுள்ள சுடர். விறகுக் கங்கோ உலர்ந்த வெப்பத்தைக் கதிராக வீசுவது. கங்கு செந்நிறமாய் ஒளிர்வதற்கே ஏறத்தாழ 500 செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். அக் கதிர்வெப்பம் மீனின் மேற்றோலை விரைந்து உலர்த்தி மொறுமொறுப்பாக்க, உட்சதை ஈரம் மாறாமல் வேகின்றது.

ஆயினும், எல்லாப் பண்டத்துக்கும் விறகே வேண்டும் என்பதில்லை. கத்தரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். அதனை எரிவளிச் சுடரில் நேரே வைத்துச் சுட்டாலும் துவையலில் புகைமணம் கமழ்கின்றது. எப்படி? காயின் தோலே கருகி மணத்தைத் தருகின்றது. தன் விறகைத் தானே சுமந்து வரும் காய் அது! அப்பளமும் சோளக்கதிரும் எரிவளியில் நன்றாகவே சுடும். கொழுப்பொழுகும் மீனும் இறைச்சியுமே கங்கை நாடுவன. அவற்றை வளியடுப்பின்மேல் நேரே சுட்டால் ஒழுகும் நெய் சுடர்த்துளைகளை அடைக்கும், அடுப்பும் கெடும்.

இனி, இவ்வுரையின் தலையாய பகுதிக்கு வருகின்றேன். நம்மிடையே சிலர், விறகடுப்பு நம்முடையது, வளியடுப்பு வந்தேறியது, ஆகவே விறகுக்கே திரும்புவோம் என்கின்றனர். இஃது ஆராயாமற் பேசும் பேச்சு. நம் மொழியில் அடுதல் என்றால் சமைத்தல். அடுதல் என்றால் கொல்லுதலுமாம். அடுக்களையில் இவ்விரு பொருளும் ஒருங்கே நிகழ்ந்ததை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? என் தாயார் ஊதுகுழலை வாயில் வைத்து, ஈர விறகோடு போராடிய நாள்களில் அவர் கண்கள் சிவக்காத நாளே இல்லை. அந்த இருமலை நாங்கள் வீட்டின் ஓசைகளுள் ஒன்றாகவே கேட்டு வளர்ந்தோம்.

வீட்டுக்குள் விறகும் சாணமும் கரியும் எரிப்பதால் எழும் மாசுக்கு 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலக்கம் பேர் இரையாயினர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடு. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு நிறுவனம், வீட்டினுள் எழும் விறகுப்புகையைப் புற்றுநோய் விளைக்கும் வாய்ப்பு மிகுந்தவற்றுள் ஒன்றாக 2010-இல் வகைப்படுத்திற்று. தமிழ்நாட்டில் 2007-இல் விலையில்லா வளியடுப்புகள் வழங்கப்படத் தொடங்கியதும், 2016-இல் நடுவணரசின் எரிவளி இணைப்புத் திட்டம் வந்ததும் ஏழைப் பெண்களின் நுரையீரலுக்குக் கிடைத்த விடுதலை. அவ் விடுதலையை மரபின் பெயரால் மறுப்பது அறமாகாது. மரபு என்பது மொழியில் இருக்கின்றது, சுவையில் இருக்கின்றது, விருந்தோம்பலில் இருக்கின்றது. புகையில் இல்லை.

செலவைப் பார்த்தாலும் அன்றாடச் சமையலுக்கு எரிவளியே ஏற்றது. ஒரு கிலோ எரிவளியின் வெப்பம் ஏறத்தாழ மூன்று கிலோ உலர்விறகின் வெப்பத்துக்கு நிகர். அதிலும், மூன்று கல் கூட்டிய அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி வெளியே வீணாகின்றது. வளியடுப்பிலோ பாதிக்கு மேல் கலத்தைச் சேர்கின்றது.

அப்படியானால் விறகை முற்றும் விட்டுவிடுவதா? வேண்டா. நாள்தோறும் அடுக்களையில் எரிவளி. விருந்து நாளில் முற்றத்தில் விறகு. இதுவே என் முடிபு. அதற்குச் சில நெறிகள் உள.

முதலாவது, கொழுந்துவிட்டு எரியும் தீயில் சுடாதீர்கள். விறகு எரிந்து கொழுந்து அடங்கி, கங்கின்மேல் வெண்சாம்பல் பூத்த பின்னரே மீனை வையுங்கள். கொழுப்பு தீயிற் சொட்டி எழும் கரும்புகையில் நச்சுப்பொருள்கள் உள. அவை உணவிற் படியும். அடிக்கடி திருப்புங்கள், கருகிய பகுதியை அகற்றி உண்ணுங்கள்.

இரண்டாவது, விறகைத் தேர்ந்து எரியுங்கள். நன்கு உலர்ந்த வேலமரம் நல்ல கங்கு தரும். நம் மாவட்டத்து ஏரிக்கரைகளை வளைத்து நிற்கும் வேலிக்காத்தானையும் வெட்டி எரிக்கலாம், நிலத்துக்கும் நன்மை. ஆனால், தொழிற்பேட்டைகளில் கழித்துப்போடும் பொதிப்பெட்டிப் பலகைகளையும் ஒட்டுப்பலகைகளையும் ஒருபோதும் எரிக்காதீர்கள். அவற்றில் வண்ணமும் பசையும் பூச்சிமருந்தும் ஏறியிருக்கக்கூடும். விலையின்றிக் கிடைக்கும் அவ்விறகுக்கு நாம் உயிரை விலையாகக் கொடுக்க நேரும்.

மூன்றாவது, கரியடுப்பை அறைக்குள் கொண்டுவராதீர்கள். கரி அரைகுறையாய் எரியும்போது நிறமும் மணமும் அற்ற நச்சுவளி எழும். 2024-இல் கொடைக்கானலில், இறைச்சி சுட்ட கரியடுப்பை அறைக்குள் வைத்துவிட்டு உறங்கிய இளைஞர் இருவர் மீண்டும் விழிக்கவில்லை. ஓரறைக் குடியிருப்புகளில் வாழும் நம் தொழிலாளத் தோழர்கள் இதனை நெஞ்சில் நிறுத்த வேண்டும். எரிவளிக்கும் எச்சரிக்கை உண்டு. அது காற்றினும் கனமானது. கசிந்தால் தரையிலேயே தேங்கும். அதற்கெனச் சேர்த்த நாற்றம் மூக்கில் பட்டவுடன் தீக்குச்சியையும் மின்விசையையும் தொடாமல் உருளையை அடைத்துக் கதவைத் திறந்துவிடுங்கள்.

நான்காவது நெறி ஆடவர்க்கு உரியது. முற்றத்தில் தீ மூட்டும் நாளில் அத் தீயின்முன் நிற்க வேண்டியவர் யார்? மனைவி புகையில் நிற்க, நாம் திண்ணையில் அமர்ந்து சூட்டு மீனின் மணத்தைப் பாராட்டுவது பண்பாடாகாது. விசிறியை நீங்கள் எடுங்கள். மீனை நீங்கள் திருப்புங்கள். பெண்கள் அமர்ந்து உண்ணட்டும். உங்கள் குழந்தைகள் அருகில் வந்து, "இதற்குப் பெயர் என்ன அப்பா?" என்று கேட்பார்கள். அப்பொழுது தயங்காமல் தமிழிற் சொல்லுங்கள்: "இது சூட்டுமீன்."