ஆணிக்காரர்களின் வண்டி

இங்கிலாந்தில் உள்ள யார்க் நகரத்தின் பெரிய தேவாலயமும் கோட்டை மதிலும் நீங்கள் அறிந்தவைதான். அவற்றை விட்டுவிட்டு என்னோடு மிக்கில்கேட் தெருவுக்கு வாருங்கள். வளைந்து வளைந்து ஆற்றுப் பக்கம் இறங்கும் தெரு. பாலம் வரைக்கும் நடப்போம்.

இந்தத் தெருவில்தான் அந்தக் காலத்தில் நாடக வண்டிகள் வரும். 1376-லேயே ஏட்டில் குறிப்பு இருக்கிறது. நற்கருணைத் திருவிழா அன்று, விடியும் முன்பே தொடக்கம். உலகப் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரை, வண்டிக்கு ஒரு காட்சி. நம்மூர் மண்டகப்படி மாதிரி அங்கங்கே நின்று நின்று போகும். தன் வீட்டு வாசலில் நிற்கவேண்டும் என்று நகரசபைக்குப் பணம் கட்டியவர்களும் உண்டு!

நகரத்துக் கைவினைஞர் சங்கங்களுக்குக் காட்சிகளைப் பங்கு போட்ட விதம்தான் வேடிக்கை. நோவாவின் பேழை கப்பல் தச்சர்களுக்கு. கடைசி இராவுணவு ரொட்டிக்காரர்களுக்கு. சிலுவையில் அறைவது? ஆணி, ஊசி செய்கிறவர்களுக்கு!

அதைச் சொல்லாமல் எப்படி நடப்பது? பாலம் எங்கே போய்விடப்போகிறது! அந்த நாடகத்தில் நான்கு சிப்பாய்கள். மரத்தில் போட்ட துளை தள்ளிப் போய்விட்டது, கை எட்டவில்லை. யாரடா அளவெடுத்தவன் என்று சண்டை. கயிறு கட்டி இழுக்கிறார்கள். தூக்கும்போது தோள் போச்சு, முதுகு போச்சு என்று புலம்பல். நட்ட குழியும் பெரிது, சிலுவை ஆடுகிறது, ஆப்பு அடிக்கிறார்கள். இயேசு பேசுவது இரண்டே இடத்தில். மற்றதெல்லாம் கூலிக்காரர்களின் தொழில் பேச்சு. கேட்கக் கேட்கச் சிரிப்பு வரும், அப்புறம் நெஞ்சில் உறைக்கும். எழுதியவர் பெயர்கூடத் தெரியாது, ஆனால் பட்டறையில் நின்று காது கொடுத்துக் கேட்டவர் அவர்.

1569-க்குப் பிறகு மதச் சீர்திருத்தக் கெடுபிடியில் எல்லாம் நின்றுபோனது. 1951-இல் பிரிட்டன் விழாவுக்காக மீண்டும் எடுத்தார்கள். ஆனால் தெருவில் அல்ல, செயின்ட் மேரிஸ் மடாலய இடிபாட்டில் மேடை கட்டி. பின்னாளில் புகழ்பெற்ற நடிகையான ஜூடி டெஞ்ச், அப்போது பள்ளிப் பெண், அதில் வானதூதர் வேடம் கட்டினார். அழகுதான். இருந்தாலும் எனக்கு வண்டிதான் பிடிக்கும். சக்கரம் கடகடக்க, பக்கத்து வீட்டுக்காரரே ஏரோது மன்னனாக வரவேண்டும்!

அதற்குக் காத்திருக்க நேர்ந்தது. 1998 முதல் நகரத்துக் கைவினைஞர் சங்கங்களே நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வண்டிகளைத் தெருவில் இறக்கின. ஆணிக்காரர்கள் சங்கம் இப்போது இல்லை. அவர்கள் காட்சியை அண்மைக் காலத்தில் யார் எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? கசாப்புக்காரர் சங்கம்!