குடத்தின் வழுவழுப்பும் குளத்தின் மகிமையும்

(கும்மிடிப்பூண்டியில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நான் பேசப் புகும் விஷயம் மோட்சத்தைப் பற்றியதல்ல. உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குடத்தின் உட்புறத்தில் விரலை வைத்தால் தட்டுப்படுகின்ற வழுவழுப்பைப் பற்றியதாகும். இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். மேலே ஏழு லோகம், கீழே ஏழு லோகம் என்று எண்ணிச் சொல்லத் தெரிந்த நம்மவர்கள், தாங்கள் குடிக்கும் குடத்துக்குள் என்ன இருக்கின்றதென்று எட்டிப் பார்த்ததுண்டா?

அந்த வழுவழுப்பு வெறும் அழுக்கல்ல. அது ஓர் ஊர். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் ஈரமான இடத்தில் ஒட்டிக்கொண்டு, பிசின் போன்ற ஒன்றைத் தாங்களே கக்கி, அதையே சுவராகவும் கூரையாகவும் வைத்துக்கொண்டு குடியேறி விடுகின்றன. இதைத்தான் நுண்ணுயிர்ப் படலம் என்கிறார்கள். குளத்துப் படிக்கட்டில் காலை வழுக்குவதும், குழாயின் உள்ளே பிடித்திருப்பதும், காலையில் பல்லின்மேல் நாக்கைத் தடவினால் தெரிவதும் இதே ஜாதிதான். இந்த ஜாதிக்கு மட்டும் தீட்டுக் கிடையாது. யார் பல்லானாலும் ஒட்டிக்கொள்ளும்.

இதை முதன்முதல் கண்டு சொன்னவர் ரிஷியுமல்ல, பண்டிதருமல்ல. ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்த லீவன்ஹூக் என்பவர். தம் கையாலேயே கண்ணாடி தேய்த்து, தம் பல்லின்மேலிருந்த பசையைச் சுரண்டி வைத்துப் பார்த்தார்; உயிர்கள் நெளிந்தன. 1683-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதைக் கடிதமாக எழுதினார். காடியைக்கொண்டு பல்லைக் கழுவியும் பார்த்தார். பசையின் வெளிப்புறத்தில் இருந்தவை மாத்திரம் செத்தன. உள்ளே இருந்தவை சாகவில்லை. தோழர்களே, இந்த ஒரு சங்கதியை மனதில் வையுங்கள்.

ஏனென்றால், மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டியதோடு வேலை முடிந்ததென்று பல ஊர்களில் நினைக்கிறார்கள். தண்ணீரில் மிதக்கும் கிருமிகளில் பெரும்பாலானவற்றை அது கொல்லும், வாஸ்தவமே. ஆனால் சுவரில் ஒட்டிய படலத்துக்குள் அது எளிதில் நுழைவதில்லை; பிசினோடு மோதியே மருந்தின் பெரும்பகுதி தீர்ந்து போகிறது. அதன் வேகம் தணிந்தவுடன் உள்ளே பதுங்கியவை மறுபடியும் தண்ணீரில் இறங்குகின்றன. ஆகவே தொட்டியைக் காலி செய்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, தேய்த்த தண்ணீரையும் வெளியேற்றி, அதற்குப் பிறகே மருந்து போடவேண்டும். குடமும் அப்படியே. அலம்பி ஊற்றினால் போகாது. நார் போட்டுத் தேய்க்க வேண்டும்.

நமக்கு அருகே காட்டுப்பள்ளியில் 2010-ல் திறந்த மீஞ்சூர் ஆலை, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுப்பதற்காகக் கட்டியது. இம்மாதிரி ஆலைகளில் விலையுயர்ந்த சவ்வுகளை அடைத்துக்கொண்டு பெரிய பெரிய இஞ்சினீயர்களைத் தூங்கவிடாமல் அடிப்பதும் இதே வழுவழுப்புத்தான்.

இனித் திருவள்ளூருக்கு வருவோம். வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லத்தைக் கரைத்தால் உடம்பிலுள்ள கட்டியும் மருவும் கரைந்துபோகுமென்று நம்பி அமாவாசை தோறும் ஜனங்கள் கூடுகின்றனர். நோயின் வேதனையால் வருகிறவர்களை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் ஒன்று கேட்கின்றேன். நிற்கின்ற தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்தால் அதைத் தின்று வளருகிறவர் யார்? கட்டி கரைகிறதா, அல்லது கிருமி கொழுக்கிறதா? கட்டி சில சமயம் புற்றாகவும் இருக்கும். இந்த அமாவாசை, அடுத்த அமாவாசை என்று காத்திருந்தால் வைத்தியம் செய்யும் காலம் கடந்துவிடும். இதற்கு எந்தப் பெருமாள் ஜவாப்தாரி?

தீர்த்தம் என்று நாம் வைத்த பெயர் கிருமிக்குத் தெரியாது. 1883 கடைசியில் கல்கத்தாவுக்கு வந்த ஜெர்மானிய டாக்டர் கோக், மறு வருஷம் காலராக் கிருமியை அங்கே ஜனங்கள் புழங்கிய ஒரு குளத்துத் தண்ணீரிலேயே கண்டார். அக்கிருமி தண்ணீரில் திரியும் சிறு பூச்சிகளின்மேல் ஒட்டிப் படலமாய் வாழக்கூடியது. அதனால்தான் வங்காள தேசத்துக் கிராமங்களில் பழஞ்சேலையை நான்காக மடித்துத் தண்ணீரை வடிகட்டச் சொல்லிப் பார்த்தார்கள். காலரா 48 சதவீதம் குறைந்ததென்று 2003-ல் கணக்கு வெளியிட்டார்கள். மந்திரமல்ல, பழஞ்சேலை! (காய்ச்சிக் குடிப்பது இதனினும் மேல், அதற்கு வசதியில்லாத இடத்துக்கே இதைச் சொல்லுகிறேன்.)

நான் சொல்வதற்காக நீங்கள் எதையும் நம்ப வேண்டாம். சிறு கண்ணாடித் துண்டுகளை நூலில் கட்டித் தொட்டியிலும் குளத்திலும் கிணற்றிலும் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். ஹென்ரிசி என்னும் அமெரிக்கர் 1933-ல் எழுதிய முறையும் ஏறக்குறைய இதுவேயாகும். எடுத்து மெதுவாய் ஒரு முறை அலசினால் மிதப்பது போய்விடும், ஒட்டியது நிற்கும். நிழலில் உலர்த்தி, மருந்துக் கடையில் விற்கும் ஜி.வி. பெயிண்ட் என்னும் ஊதா மருந்தை இரண்டு சொட்டு விட்டு, சில நிமிஷங் கழித்துக் கழுவுங்கள். படலம் பிடித்த இடமெல்லாம் ஊதாவாக நிற்கும். தொங்கவிடாத சுத்தமான கண்ணாடி ஒன்றையும் அப்படியே செய்து பக்கத்தில் வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்காத சோதனை ஜோசியத்தோடு சேர்ந்தது. பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

மீரத்தில் பிறந்த மனு பிரகாஷ் என்பவரும் அவர் கூட்டத்தாரும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையிலிருந்து 2014-ல் வெளியிட்ட காகித மைக்ராஸ்கோப்பு 140 மடங்கு பெருக்கிக் காட்டும். தனித்தனிக் கிருமி அதில் தெளிவாகத் தெரியாது. பாசித் துணுக்குகளும் அவற்றை மேய்கின்ற சிறு பிராணிகளும் நன்றாய்த் தெரியும். எது நோய் தருவது, எது சாது என்பதைச் சொல்லப் பரிசோதனைச் சாலைதான் வேண்டும்.

அதோ மேஜைமேல் மூன்று கண்ணாடிகள் இருக்கின்றன. எது தொட்டி, எது குளம், எது கிணறு என்று எழுதி ஒட்டவில்லை. பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். தாய்மார்கள் முதலில் வரட்டும். பார்த்து முடித்து வீடு திரும்பியதும், இன்றிரவு குடம் தேய்க்கும் வேலையை ஆண்பிள்ளைகளிடம் கொடுத்து விடுங்கள்.