பால் பல்தானே?

தூங்கும் குழந்தையின் வாயில் பால் புட்டியை விட்டுவைக்கிறவர்கள் உண்டு. குழந்தை தூங்கும். கிருமிகள் தூங்காது. அவற்றில் ஒன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924-இல் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லில் அதைக் கண்டுபிடித்தார். பாலிலும் உள்ள இனிப்பைத் தின்று அமிலம் கக்குவதுதான் அதன் வேலை. அந்த அமிலம் எனாமலைக் கரைக்கும்.

பகலில் எச்சில் அதைக் கழுவிவிடும். பல் இழந்த கால்சியத்தையும் திருப்பிக் கொடுக்கும். தூங்கும்போது எச்சில் ஊறுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதனால் புட்டிப்பால் குடித்ததும் ஈரத்துணியால் ஈறு, பல்லைத் துடைத்துவிடுங்கள். நாம் சப்பிய கரண்டியால் ஊட்டாதீர்கள். கிருமி அப்படித்தான் குடிபோகிறது.

"பால் பல்தானே டாக்டர், விழுந்துடுமே?" என்றார் ஒருவர்.

டாக்டர் கேட்டார்: "வாடகை வீடுதானேன்னு, கூரை ஒழுகினா சும்மா படுத்திருப்பீங்களா?"