ஆய்வு எந்தக் கேள்விக்கு விடை சொன்னது?



அரசின் அறிவியல் கொள்கை முடிவுகளுக்கு ஆய்வும் மதிப்பீடும் எப்படித் துணை நிற்க முடியும் என்று பேசக் கூடியிருக்கிறோம். தலைமை உரையில் எல்லாத் துறைகளையும் தொட்டுச் செல்வது வழக்கம். எனக்கு அதில் விருப்பமில்லை. காசநோய் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆய்வு அரசை நல்வழிக்குக் கொண்டுவந்ததும், அதே ஆய்வு பிழையாக வாசிக்கப்பட்டதும் ஆகிய இரண்டும் இந்த ஒரு நோயின் வரலாற்றிலேயே கிடைக்கின்றன. அதில் பெரும்பகுதி சென்னையில் நடந்தது.

1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. ஆய்வை நடத்தியவர்களில் முதன்மையானவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். காசநோய் என்றால் சானடோரியம், ஓய்வு, நல்ல காற்று, நல்ல சாப்பாடு என்றிருந்த காலம் அது. தாம்பரத்தில் 1928-இல் அமைந்த சானடோரியத்தின் பெயரை இன்றும் ஒரு ரயில் நிலையம் தாங்கி நிற்கிறது. ஆனால் நாட்டிலிருந்த நோயாளிகளுக்கு ஈடான படுக்கைகளை எந்த நிதியமைச்சராலும் கொடுத்திருக்க முடியாது.

எனவே கேள்வி அரசின் கையிருப்பிலிருந்தே பிறந்தது: நோயாளியை அவர் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் போதுமா? நகரின் ஏழை மக்களில் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள், ஐசோனியசிட்டும் பாஸும், ஓராண்டுக்கு. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்விலும் நல்ல உணவிலும் இருந்தார்கள். மற்றவர்கள் நெரிசலான வீடுகளில், கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது. சானடோரியப் பிரிவு சற்றே முன்னால் நின்றாலும் வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்திருந்தது. வீட்டிலுள்ளவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை.

இந்த ஆய்வின் நேர்த்தி அதன் புள்ளியியலில் மட்டும் இல்லை. விடை எந்தப் பக்கம் வந்தாலும் அரசு எழுதவேண்டிய கோப்பு வேறாகியிருக்கும் என்பதுதான் அதன் சிறப்பு. ஒன்று, கட்டடங்களுக்குப் பணம் தேட வேண்டும். அல்லது மாத்திரைக்கும் களப்பணியாளருக்கும் தேட வேண்டும். பெங்களூரில் 1959-இல் தொடங்கிய தேசியக் காசநோய் நிறுவனத்தில் பானர்ஜியும் ஆண்டர்சனும் செய்த கள ஆய்வும் இதே வகைதான். 1963-இல் வெளியான அந்த ஆய்வு, சளியில் கிருமி இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே மருத்துவ நிலையங்களுக்குப் போயிருந்தார்கள் என்று காட்டியது. இருமல் மருந்து கொடுத்து அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நோயாளியைத் தேடி எக்ஸ்ரே வண்டி ஊர் ஊராகப் போகவேண்டியதில்லை, வாசலுக்கு வந்தவரின் சளியைப் பரிசோதித்தால் போதும் என்ற முடிவுக்கு இது இடமளித்தது. கட்டுரை அச்சாகும் முன்பே, 1962-இல் வந்த தேசியக் காசநோய்த் திட்டம் இத்தகைய ஆய்வு முடிவுகளின் மேல்தான் எழுந்தது.

இதுவரை பெருமைக்குரிய கதை. இனி வருவதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

அதே சென்னை ஆய்விலிருந்து உணவைப் பற்றிய ஒரு கட்டுரை 1961-இல் வந்தது. வீட்டிலிருந்தவர்களின் உணவு குறைவாக இருந்தும் மருந்தால் குணமடைந்தார்கள் என்றது. சரியான முடிவு. ஆனால் ‘மருந்து உட்கொள்பவர் குணமடைய நல்ல உணவு இன்றியமையாததா?’ என்பதுதான் அங்கே கேட்கப்பட்ட கேள்வி. பட்டினி கிடக்கும் குடும்பத்தில் அடுத்து யாருக்கு நோய் வரும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கும் அதுவே விடையாக நடமாடியது. காசநோய்க் கொள்கையில் உணவு நெடுங்காலம் ஓரமாகவே உட்கார்ந்திருந்தது. 2018-இல்தான் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி வந்தது. ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் நோயாளியின் குடும்பத்துக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. கூடுதல் உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தது. சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதில் பங்குண்டு.

2024 நவம்பரில் உதவித்தொகை 1,000 ரூபாயானது. நல்லது. ஆனால் சோதித்தது அரிசியும் பருப்பும். கொடுப்பது வங்கிக் கணக்கில் பணம். சோதித்தது குடும்பம் முழுமைக்கும். பணம் நோயாளியின் பெயருக்கு. இவை இரண்டும் ஒன்றே என்று யாராவது நிறுவ வேண்டாமா?

பி.சி.ஜி. தடுப்பூசி விஷயத்தில் எதிர்ப்பக்கத்துப் பாடம் இருக்கிறது. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வில் லட்சக்கணக்கானோர் சேர்க்கப்பட்டார்கள். ஏழரை ஆண்டுப் பின்தொடர்தலில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. அதிர்ச்சிதான். ஆனாலும் தடுப்பூசியைக் கைவிடவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வடிவங்களை அது தடுக்கிறது என்பதற்கு வேறு சான்றுகள் இருந்தன. ஆய்வு எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்த்தவர்கள் எடுத்த முடிவு அது.

நம் துறைகளில் இன்று மதிப்பீடு எப்போது வருகிறது? திட்டம் முடியும் தறுவாயில், அடுத்த தவணை நிதிக்கு ஓர் அறிக்கை தேவைப்படும்போது. ஒப்பிட்டுப் பார்க்கத் திட்டம் எட்டாத ஊர் மிச்சமிருக்காது, தொடக்கநிலைத் தரவும் இருக்காது. பயனாளிகளின் எண்ணிக்கையும் செலவான தொகையும் மட்டும் அச்சாகும். திட்டத்தோடு மதிப்பீட்டையும் தொடங்குவது இந்தியாவுக்குப் புதுப்பாடமல்ல. 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய அதே அக்டோபரில் அதை மதிப்பிடத் தனி அமைப்பையும் தொடங்கிய நாடு இது.

ஆகவே இங்கே கட்டுரை படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள், தலைவர் என்ற உரிமையில் நிபந்தனை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆய்வு கேட்ட கேள்வியை ஒரே வாக்கியத்தில் முதலில் சொல்லுங்கள். அதற்கு எதிர்மாறான விடை கிடைத்திருந்தால் எந்த அலுவலகத்தில் எந்த முடிவு மாறியிருக்கும் என்பதையும் சொல்லுங்கள். அரசுத் துறை அலுவலர்களே, உங்கள் பங்குக்கு, வரும் நிதியாண்டில் தொடங்கவிருக்கும் ஒரு திட்டத்தையாவது அரசாணை வருமுன் ஆய்வாளர்கள் முன் விரித்து வையுங்கள். மாவட்டங்களுக்குப் படிப்படியாக விரிவாக்குவதாக இருந்தால் எந்த மாவட்டம் முதலில் என்பதைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கலாம். கூடுதல் செலவே கிடையாது. அரசியல் சங்கடம் உண்டு என்பதை அறிவேன். அதைப் பிற்பகல் அமர்வில் வெளிப்படையாகவே பேசுவோம்.

முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.