எந்த வெப்பநிலையில்?



தலைமை உரைக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பாய்ம இயக்கவியல் நூலின் முதல் அத்தியாயத்துக்கு நம்மில் பலர் வகுப்பில் ஒதுக்குவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அடர்த்தி, பாகுநிலை, பரப்பு இழுவிசை, ஆவி அழுத்தம், அமுங்கும் தன்மை என ஐந்து வரையறைகள், ஓர் அட்டவணை, இரண்டு கணக்குகள். மறுநாள் பெர்னூலி தம் சமன்பாட்டோடு வந்துவிடுவார். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டினேன். ஒரு ஜாடி விளக்கெண்ணெய்தான் என்னை நிறுத்தியது.

மார்ச் மாதக் கடைசி, செய்முறைத் தேர்வுக்கு முந்திய வாரம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஆய்வகம். ஸ்டோக்ஸ் முறையில் விளக்கெண்ணெயின் பாகுநிலை காண வேண்டும். உயரமான கண்ணாடி ஜாடி. அதில் 60 செ.மீ. இடைவெளியில் இரண்டு ரப்பர் வளையம், 2 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டுகள். காலைப் பிரிவு மாணவர்களின் நோட்டில், எண்ணெயில் விழும் குண்டு அந்த இடைவெளியைக் கடந்த நேரம் 21 வினாடி. பிற்பகல் பிரிவில் எல்லோருமே 11, 12 என்று எழுதியிருந்தார்கள். ஜாடி அதே ஜாடி, குண்டும் அதே குண்டு. ஒருவன் தப்பாகப் பார்த்திருக்கிறான், மற்றவர்கள் காப்பி அடித்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி வகுப்பையே நிற்கவைத்துத் திட்டினேன். நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆய்வக உதவியாளர் மெதுவாகச் சொன்னார்: "காலையில எண்ணெய் கெட்டியா இருந்துச்சு சார். இப்பத் தண்ணியா ஓடுது."

வெப்பமானியைப் போட்டுப் பார்த்தேன். 38 டிகிரி. காலையில் 29 இருந்திருக்கும். விளக்கெண்ணெயின் பாகுநிலை 20 டிகிரியில் 0.986 பாஸ்கல்-வினாடி, 30 டிகிரியில் 0.451; 40 டிகிரியில் 0.231. பத்து டிகிரிக்கு ஒரு முறை பாதியாகிவிடுகிறது. அந்தப் பிள்ளைகள் அளந்தது சரி. அட்டவணையிலிருந்து நான் கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்த ஒற்றை எண்ணுக்குப் பக்கத்தில்தான் வெப்பநிலை இல்லை. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து யார் எந்த எண்ணைச் சொன்னாலும் "எந்த வெப்பநிலையில்?" என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள்.

வாயுக்களில் இது தலைகீழ். சூடேறினால் காற்றின் பாகுநிலை கூடும். திரவத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் உராய்வு வருகிறது. சூடு அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. வாயுவில் அப்படிப் பிடி கிடையாது. ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குப் பாயும் மூலக்கூறுகள் உந்தத்தைச் சுமந்து செல்வதால்தான் உராய்வு. சூடேறினால் அந்தப் போக்குவரத்து அதிகமாகும். ஒரே பெயர், ஒரே குறியீடு. உள்ளே நடப்பதோ வேறு. முதல் அத்தியாயத்தை இருபது நிமிடத்தில் தாண்டுகிற மாணவனுக்கு இது தெரியாமலே போய்விடுகிறது.

பாகுநிலை என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் இதைப் பிசுக்குமை என்பார்கள். நாம் பாய்மம் என்பதை அவர்கள் பாயி என்பார்கள். எது சரி என்று நேற்றிரவு சாப்பாட்டு மேசையில் ஒரு சண்டையே நடந்தது. நான் பாகின் பக்கம். அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சுகிறவர் துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார், அல்லது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்துக் கம்பி வருகிறதா என்று பார்ப்பார். தண்ணீர் எவ்வளவு வற்றிச் சர்க்கரை எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதை இழுவையைக்கொண்டே கண்டுபிடிக்கிறார். ஒரு பண்பை அளந்து இன்னொன்றைத் தெரிந்துகொள்வது. அறிவியல் கருவிகளில் பாதி இந்த வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் சொல்லுக்காக மாநாட்டைப் பிளக்க வேண்டாம். கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் அச்சிடுவோம்.

அடர்த்தியில் பெரிய சிக்கல் இல்லை. தண்ணீரின் அடர்த்தி கனமீட்டருக்கு 1000 கிலோகிராம் என்பது 4 டிகிரியில். 30 டிகிரியில் 996. வகுப்புக் கணக்குக்கு இது பெரிதல்ல, விட்டுவிடலாம்.

பரப்பு இழுவிசையை அப்படி விட முடியாது. 20 டிகிரியில் தண்ணீருக்கு மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன் என்கிறது அட்டவணை. எந்தத் தண்ணீருக்கு? ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆக்னஸ் பாக்கல்ஸ் என்ற பெண் இருந்தார். 1862இல் பிறந்தவர், பெண் என்பதால் பல்கலைக்கழகத்தில் படிக்க வழியில்லை. வீட்டு வேலையும் பெற்றோரைக் கவனிப்பதும் அவர் பொறுப்பு. பாத்திரம் கழுவும் நீரின் மேற்பரப்பு, எண்ணெய் பட்டதும் எப்படி மாறுகிறது என்று கவனித்தார். ஒரு தகரத் தொட்டியில் நீரை நிரப்பி, மேலே ஒரு தகரப் பட்டையை நகர்த்தி அழுக்குப் படலத்தை ஒருபக்கமாக ஒதுக்கினார். ஒரு பொத்தானை நீர்ப்பரப்பிலிருந்து பிய்த்தெடுக்க எவ்வளவு எடை வேண்டும் என்று தராசில் பார்த்தார். இதையெல்லாம் இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். ராலே அதைத் தம் குறிப்போடு ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்ப, 1891இல் அச்சாயிற்று. கண்ணுக்கே தெரியாத எண்ணெய்ப் படலம் போதும், 72.8 என்ற எண் சரிந்துவிடும். நம் ஆய்வகங்களில் நுண்புழைக் குழாயைச் சரியாகக் கழுவாமல் எடுக்கும் அளவுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆவி அழுத்தம் மாணவனுக்கு எட்டாத சமாசாரம் என்று நினைக்கிறோம். கொங்கு நாட்டுக் கிணற்றுமேட்டில் நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது. நீர்மட்டம் இறங்க இறங்க, மேலே இருந்த மோட்டாரைக் கிணற்றுக்குள் திட்டு கட்டி இறக்கினார்கள். இன்னும் வற்றியதும் இன்னும் கீழே. காரணம் மோட்டாரின் குதிரைத்திறன் இல்லை. பம்பு நீரை இழுப்பதில்லை, வளிமண்டலம்தான் தள்ளிவிடுகிறது. கடல்மட்டத்தில் அந்தத் தள்ளல் 10.3 மீட்டர் நீருக்குச் சமம். கோயம்புத்தூர் 400 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் அரை மீட்டர் அங்கேயே போயிற்று. 30 டிகிரி நீரின் ஆவி அழுத்தம் 4.2 கிலோபாஸ்கல், அதற்கு இன்னும் நாற்பது சென்டிமீட்டர். பிறகு குழாய் உராய்வு, ஃபுட் வால்வு, பம்பின் சொந்தத் தேவை. கைக்கு மிஞ்சுவது ஆறு, ஏழு மீட்டர். அதையும் மீறி வைத்தால் நீர் குழாய்க்குள்ளேயே கொதிக்கும், அந்த 30 டிகிரியிலேயே. குமிழிகள் இம்பெல்லரில் வந்து உடையும்போது கூழாங்கல் உருட்டுகிற சத்தம் கேட்கும். நாளடைவில் இரும்பு குழிகுழியாக அரித்துப்போகும். உறிஞ்சு பம்பு பதினெட்டு முழத்துக்கு மேல் நீரை ஏற்றாது என்று ஒரு வேலையாள் சொன்னதை 1638இல் வெளிவந்த தம் நூலில் கலிலியோ பதிவுசெய்கிறார். விளக்கம் பின்னால்தான் வந்தது, டோரிசெல்லியிடமிருந்து.

அமுங்கும் தன்மை பற்றி ஒரே வரி. நீரை ஒரு விழுக்காடு சுருக்க 200 வளிமண்டலத்துக்கும் மேல் அழுத்தம் வேண்டும் என்பதால், அது அமுங்காதது என்று எழுதிவைக்கிறோம். ஓடும் நீரை வால்வைப் பட்டென்று மூடி நிறுத்தினால் குழாய் அதிர்வது அது அமுங்குவதால்தான். வெப்பநிலையைக் குறித்தாலும் போதாத ஒன்றும் உண்டு, இட்லி மாவு. அதைப் பற்றிப் பிற்பகல் அமர்வில் ஒருவர் பேசப்போகிறார். கலக்குகிற வேகத்துக்கேற்பப் பாகுநிலை மாறும் மாவுக்கு ஒற்றை எண்ணே கிடையாது என்பதால் அதை அவரிடமே விட்டுவிடுகிறேன்.

கட்டுரை படிக்கப்போகிறவர்களுக்கும் வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திரவத்தின் பண்பு என்று எந்த எண்ணைக் காட்டினாலும் பக்கத்தில் வெப்பநிலையைக் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தலைவர் எழுந்து கேட்பார். வெளியே தாழ்வாரத்தில் ஒரு ஜாடி விளக்கெண்ணெய், குண்டுகள், நிறுத்துகடிகாரம், வெப்பமானி, நோட்டு எல்லாம் வைத்திருக்கிறோம். தேநீர் இடைவேளையில் ஒரு குண்டு, மதிய உணவுக்குப் பின் ஒரு குண்டு போட்டு, நேரத்தையும் வெப்பநிலையையும் எழுதிவிட்டு வாருங்கள். நாளை மாலை நிறைவு அமர்வில் அந்த நோட்டைத்தான் முதலில் திறக்கப்போகிறோம்.