திண்ணைப் பேச்சும் ஊர்க் காவலும்

(ஊராட்சிப் பிரதிநிதிகளும் உழவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கொரோனா காலத்தின் படிப்பினைகளைப் பற்றி உரையாற்றுமாறு என்னைப் பணித்துள்ளனர். முகக்கவசம், கைகழுவுதல், தடுப்பூசி என்று நீங்கள் நன்கறிந்தவற்றையே மீண்டும் அடுக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை. எந்தத் திட்டத்திலும் சேராத, எந்தப் பதிவேட்டிலும் ஏறாத ஒன்றைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன். அதுதான் நம் ஊர்ப்பேச்சு.

காலையில் டீக்கடை, நண்பகலில் களத்துமேடு, மாலையில் குழாயடி, இரவில் திண்ணை என்று நம் ஊர்களில் பேச்சு ஓய்வதே இல்லை. "சாப்பாடு ஆயிற்றா?" என்று ஒருவர் கேட்பார். "உங்கள் மாடு கன்று போட்டதா?" என்று மற்றொருவர் கேட்பார். "பெரியவரை இரண்டு நாளாகக் காணோமே" என்று மூன்றாமவர் சொல்வார். இதனை வெட்டிப்பேச்சு என்று கருதும் வழக்கம் எங்களைப் போன்ற அலுவலர்களிடம் உண்டு. நானும் அவ்வாறே கருதியிருந்தேன். அக்கருத்து தவறு என்பதை 2020ஆம் ஆண்டு எனக்கு உணர்த்தியது.

அவ்வாண்டு மார்ச் 11ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 24 மாலை நம் மாநிலத்தில் 144 தடையுத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு. 2019 டிசம்பர் தேர்தலில் வென்ற ஊராட்சித் தலைவர்களும் உறுப்பினர்களும் 2020 ஜனவரி 6 அன்றுதான் பதவியேற்றிருந்தனர். எண்பது நாள்கூட நிறையாத நிலையில் அத்தனை பெரிய பாரம் அவர்கள் தோள்மீது விழுந்தது. அவர்களில் பலர் இரவு பகல் பாராது உழைத்ததை நான் கண்ணாரக் கண்டேன்.

அப்போது நான் கடலூர் மாவட்டத்தில் ஓர் ஒன்றியத்தில் பணியாற்றி வந்தேன். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி எச்சரிக்கை செய்தோம். தெருவெங்கும் பிளீச்சிங் பவுடர் தூவினோம். குழாயடியில் கூட்டம் சேராதிருக்க, தெருவுக்கு ஒரு நேரம் என்று நானே முறை வகுத்தேன். முதியோர் வெளியே வரவேண்டாம், அவர்களுக்குரிய தண்ணீரையும் நியாய விலைக் கடை அரிசியையும் இளைஞர்கள் வாசலில் கொண்டு வைக்கட்டும் என்றும் ஏற்பாடு செய்தேன். ஏற்பாடு செவ்வனே நடந்தது. அதைக் குறித்து எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

அவ்வூர்க் காலனித் தெருவில் தனியே வாழ்ந்த மூதாட்டி ஒருவர், நீரிழிவு நோயுள்ளவர். காலில் சிறு புண் ஏற்பட்டிருக்கிறது. மாத்திரையும் தீர்ந்துவிட்டது. தண்ணீர் வாசலுக்கு வந்ததால் அவர் குழாயடிக்குச் செல்லவில்லை. ஆகவே அவர் நடப்பதை எவரும் பார்க்கவில்லை. மற்ற நாள்களாயின், குடத்தை இடுப்பில் வைக்கும்போதே எவளாவது ஒருத்தி, "ஏன் ஆயா, காலை இழுத்து இழுத்து நடக்கிறாய்?" என்று கேட்டிருப்பாள். அந்த ஒரு கேள்வி மூன்று வாரம் கேட்கப்படவே இல்லை. குப்பை வாங்க வந்த தூய்மைக் காவலர் பெண்மணி துர்நாற்றத்தை உணர்ந்து உள்ளே எட்டிப் பார்த்த பிறகே எங்களுக்குச் செய்தி வந்தது. மருத்துவமனையில் அம்மூதாட்டியின் உயிரைக் காத்தனர். வலது காலைக் காக்க இயலவில்லை.

நான் பார்க்கச் சென்றபோது அவர் என்மீது குறை ஏதும் கூறவில்லை. "அரிசி வந்தது ஐயா, தண்ணீர் வந்தது ஐயா, மனுஷர்தான் வரவில்லை" என்றார். அச்சொல்லை நான் இன்றளவும் மறக்கவில்லை.

உழவர் பெருமக்களே! உங்கள் தொழிலிலும் இதுவே நிகழ்ந்தது. வேளாண் பணிகளுக்குச் சில நாள்களிலேயே விலக்கு அளிக்கப்பட்டது. ஆயினும் அறுவடை இயந்திரம் எந்த ஊரில் நிற்கிறது, ஆள் எங்கே கிடைக்கும், வியாபாரி எப்போது வருவார் என்னும் செய்திகள் டீக்கடை பெஞ்சில் அல்லவா கிடைத்து வந்தன? நானறிந்த ஒரு விவசாயியின் நவரை நெல் முற்றிச் சாய்ந்தது. இரண்டு கல் தொலைவில் ஓர் இயந்திரம் வேலையின்றி நின்றதை அவர் பிறகுதான் அறிந்தார். அனுமதி இருந்தது, இயந்திரம் இருந்தது; இரண்டையும் இணைக்கும் பேச்சு மட்டும் இல்லை.

நல்ல பேச்சு நின்ற இடத்தில் வதந்தி புகுந்தது. கோழிக்கறியாலும் முட்டையாலும் நோய் வரும் என்று கைப்பேசியில் வந்த பொய்யால் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே விலை வீழ்ந்து, நாமக்கல் பகுதிக் கோழிப் பண்ணையாளர்கள் பெருநட்டம் அடைந்தனர். மே 5ஆம் நாள் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அங்கே சுமை தூக்கியோர் எங்கள் மாவட்டத்திற்கும் அரியலூர், விழுப்புரம் பகுதிகளுக்கும் திரும்பினர். பலருக்குத் தொற்று உறுதியாயிற்று. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளைக்கூடக் "கோயம்பேடு" என்றே அழைக்கலாயினர். அந்தச் சொல்லுக்கு அஞ்சி ஓர் இளைஞர் ஊருக்கு வந்ததையே மறைத்து, முந்திரித் தோப்பில் நான்கு இரவுகள் படுத்திருந்தார். காய்ச்சலைவிட ஊர்வாயை அவர் பெரிதாக அஞ்சினார். அச்சத்தால் மறைக்கப்படும் நோய் பரவும் நோயாகும்.

"சமூக இடைவெளி" என்னும் சொல்லையும் நாங்கள் ஆராயாது வழங்கினோம். மனிதரை மனிதர் விலக்கி வைத்த பழைய கொடுமையின் வடு நம் ஊர்களில் இன்னும் ஆறவில்லை. அங்கே இச்சொல் எவ்வாறு ஒலிக்கும் என்று எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். நமக்கு வேண்டியது உடல்களுக்கிடையே இடைவெளியே அன்றி உள்ளங்களுக்கிடையே அன்று. உலக சுகாதார நிறுவனமும் 2020 மார்ச்சிலேயே உடல் இடைவெளி என்னும் பொருள்பட வழங்குவதே பொருந்தும் என்று கூறியது.

பேச்சினால் நோய் பரவாதா என்று நீங்கள் கேட்கலாம். பரவும். இருமாமல் தும்மாமல் வெறுமனே பேசும்போதும் நுண்துளிகள் வெளிப்படுகின்றன; உரக்கப் பேசினால் மிகுதியாக வெளிப்படுகின்றன. அவை காற்றோட்டமற்ற அறையில் நெடுநேரம் தங்குகின்றன; திறந்த வெளியில் விரைவில் கலைந்துவிடுகின்றன. இதனை அன்று நான் தெளிவாக அறியவில்லை. வேப்பமரத்தடிச் சிமெண்டு மேடையில் எவரும் உட்காரலாகாது என்று முள் வெட்டிப் போடச் செய்தேன். அதே வாரத்தில் சன்னல் மூடிய அறையில் நாற்பது பேரை அமர்த்தி ஆய்வுக் கூட்டம் நடத்தினேன். ஆபத்து எங்கே மிகுதி என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்!

2021ஆம் ஆண்டு தடுப்பூசி வந்தது. ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் மக்கள் அறிய ஊசி செலுத்திக்கொண்டார். 17 அன்று மாரடைப்பால் காலமானார். அம்மரணத்திற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு பின்னர் அக்டோபரில் அறிவித்தது. அதற்குள் இரண்டாம் அலை வந்து சென்றுவிட்டது. எங்கள் முகாம்களில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. துண்டறிக்கைகள் பல அச்சிட்டோம். பயன் மிகக் குறைவு.

அந்நிலையை மாற்றியவர் ஒரு டீக்கடைக்காரர். அவர் ஊசி செலுத்திக்கொண்டார். ஊரடங்கு தளர்ந்து கடை திறந்த பிறகு, பார்சல் வாங்க வந்தவரெல்லாம் "எப்படி இருந்தது அண்ணே?" என்று கேட்டனர். "அன்று இரவு காய்ச்சல் அடித்தது, உடம்பெல்லாம் வலித்தது, மறுநாள் மாலை எழுந்துவிட்டேன்" என்று உள்ளதை உள்ளவாறு சொன்னார். எங்கள் துண்டறிக்கையில் காய்ச்சலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர் காய்ச்சலையும் சொன்னார். ஆதலால் அவரை நம்பினர். அடுத்த முகாமில் எங்கள் நாற்காலிகள் போதவில்லை.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அந்த நெருக்கடி நிலை முடிவுற்றதாக அறிவித்தது. ஆயினும் வெள்ளமோ புயலோ புதிய நோயோ மீண்டும் வரக்கூடும். எனவே சில யோசனைகளை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, தனித்து வாழ்வோர், நாள்தோறும் மாத்திரை உண்போர் ஆகியோரின் பட்டியலை வார்டுதோறும் இப்போதே எழுதி வையுங்கள். நெருக்கடி வந்தால் இருபது வீட்டிற்கு ஒருவர் பொறுப்பேற்கட்டும். அவர் அரிசிப் பையை வைத்துவிட்டுத் திரும்பலாகாது. நான்கடி தள்ளி நின்று, "சாப்பிட்டீர்களா? தூங்கினீர்களா? மாத்திரை இருக்கிறதா? எழுந்து நான்கு அடி நடந்து காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

இரண்டாவது, கூட்டத்தைக் குறைக்கும் விதிகளை வகுக்கும்போது மனிதரை மனிதர் காணும் வாய்ப்பையும் அடியோடு அழித்துவிடாதீர்கள். மரத்தடியில் இடம்விட்டு அமர்ந்து பேச வழி செய்யுங்கள்.

மூன்றாவது, வதந்தி எழுந்தால் அதட்டாதீர்கள். கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்துவந்து அவர் வாயால் விளக்கம் பெற்று, தேதியிட்டு அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். தெரிந்த தொல்லைகளையும் மறையாது சொல்லுங்கள்.

நான்காவது, நோய்க்கு ஓர் ஊரின் பெயரையோ சாதியின் பெயரையோ தொழிலின் பெயரையோ சூட்ட இடங்கொடாதீர்கள்.

ஐந்தாவது, கிராம சபையைப் போற்றுங்கள். ஊர்ப்பேச்சுக்குச் சட்டம் அளித்த பீடம் அதுவே. 2020 ஜனவரி 26க்குப் பிறகு, நம் ஊர்களில் அது மீண்டும் கூடியது 2021 அக்டோபர் 2 அன்றுதான். ஏறத்தாழ இருபது மாதம் அவ்வாய் மூடியிருந்தது. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்குடன் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு முறை என்று 2022இல் அரசு வகுத்தது. வரவு செலவு படித்து முடித்ததும் கையெழுத்திட்டுக் கலைந்துவிடாமல், "நம் ஊரில் தனியாக இருப்பவர் யார் யார், அவரைக் கடைசியாகப் பார்த்தவர் யார்?" என்று ஒரு கேள்வியை அங்கே கேளுங்கள்.

அந்த மூதாட்டி ஊன்றுகோலுடன் இன்று குழாயடிக்கு வந்து அமர்கிறார். தண்ணீர் பிடிப்பதற்காக அன்று, பேசுவதற்காக. சென்ற முறை நான் அவ்வழியே சென்றபோது, "ஏன் ஐயா இளைத்துவிட்டீர்?" என்று கேட்டார். அவரிடம் மூன்று வாரம் கேட்கப்படாத கேள்வியை அவர் என்னிடம் கேட்டார். அக்கேள்வியை நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் ஒருவரிடமேனும் கேட்போமாக என்று கூறி என் உரையை முடித்துக்கொள்கிறேன்.