காய்ப்பைப் பிளேட்டால் சீவ வேண்டாம்



ஊர் திரும்பி வளவைத் துப்புரவாக்குகிறீர்கள், வயலிலும் இறங்குகிறீர்கள். பாதத்தில் காய்ப்பு விழுவது இயல்பு. அதைப் பிளேட்டால் சீவினால் சின்னக் காயம் வரும். சேற்றுநீரில் இருக்கும் எலிக்காய்ச்சல் கிருமிக்கு அந்தக் காயமே போதும். 2008இல் அந்தக் காய்ச்சல் கடுமையாகப் பரவிய மாவட்டங்களில் நமது மாத்தளையும் ஒன்று.

வேலை முடிந்து இரவில் இப்படிச் செய்யுங்கள். இளஞ்சூட்டு நீரில் 10 நிமிடம் பாதத்தை ஊறவையுங்கள். பாதம் தேய்க்கும் கல்லால் மெதுவாகத் தேயுங்கள். ஒரே நாளில் முழுவதையும் எடுக்கப் பார்க்காதீர்கள், நொந்தால் நிறுத்துங்கள். விரலிடுக்கு வரை ஈரம் துடைத்து, காய்ப்பில் மட்டும் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். உராயும் செருப்பை மாற்றாவிட்டால் காய்ப்பு மீண்டும் வரும்.

நீரிழிவு உள்ளவர்கள் தாங்களாகத் தேய்க்கவோ, கால் ஆணி பிளாஸ்டர் ஒட்டவோ வேண்டாம். கிளினிக்கில் பாதத்தைக் காட்டுங்கள்.

வயலில் இறங்குமுன் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். காயம் சிவந்து சீழ் வைத்தாலோ, காய்ச்சலும் தசைவலியும் வந்தாலோ, அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். “சேற்றில் வேலை செய்தேன்” என்று வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.